பேரிடர் விசாரணைத் தொடர்களில் வருவது எந்த அளவுக்கு உண்மை?

பின்னிரவுப் பார்வையாளர்:

தடயவியல் தொடர்களைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருபவன் நான். ஒற்றைக் கொலையைச் சுற்றி நடக்கும் கதைகளில் உள்ள மிகைகளுக்குக் கண் பழகிவிட்டது. நீல விளக்கை அடித்ததும் பளிச்சிடும் இரத்தக் கறையையும், பெரிதாக்கப் பெரிதாக்கத் தெளிவடையும் கேமராப் படத்தையும் கூத்தில் வரும் கட்டியங்காரனை ஏற்றுக்கொள்வது போலக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் பல உயிர்கள் ஒரே நேரத்தில் மடியும் விபத்தையோ தீயையோ கதையாக எடுக்கும்போதும் அதே மரபு செல்லுமா என்ற ஐயம் அண்மையில் பார்த்த ஒரு கதைக்குப் பிறகு வந்துவிட்டது.

இரண்டு ரயில்கள் மோதித் தீப்பிடிக்கின்றன. எரிந்த பெட்டிக்குள் நுழையும் தடய மருத்துவர், கருகிய ஓர் உடலைக் குனிந்து பார்த்த மாத்திரத்தில், இவர் விபத்துக்கு முன்பே கொல்லப்பட்டவர் என்கிறார். இன்னொரு எலும்புக்கூட்டைப் பார்த்து, இவருக்கு முப்பத்தேழு வயது என்கிறார். அன்று மாலையே உறவினர்கள் பிணவறையில் வரிசையாக வந்து, துணியை விலக்கி முகம் பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். முகம் தெரியாதவர்களுக்கு மறுநாள் காலைக்குள் டி.என்.ஏ. முடிவு வந்துவிடுகிறது. ஆய்வகத்து இளைஞர் ஒருவர் கணினியில் எதையோ தட்ட, விபத்து முழுவதும் திரையில் பின்னோக்கி ஓடி, கழன்றுபோன ஒரு திருகாணியில் போய் நிற்கிறது. கடைசியில் அந்த மருத்துவரே குற்றவாளியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

இவற்றில் எது காலத்தைச் சுருக்குவதற்காகச் செய்த நியாயமான மாற்றம், எது முற்றிலும் நடக்கவே முடியாதது என்று பிரித்தறிய விரும்புகிறேன். துறையில் இருப்பவர்களோ, இத்தகைய விசாரணை அறிக்கைகளைப் படித்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிணவறைக் குறிப்பேடு:

நான் தடய மருத்துவம் படித்தவன்; ஆகவே உடல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருகாணிக்குப் பொறியாளர் யாராவது வருவார்கள்.

அந்தக் கருகிய உடலிலிருந்து தொடங்கலாம். கடும் வெப்பத்தில் தசைகள் சுருங்குவதால் கைகள் முழங்கையில் மடங்கி, குத்துச்சண்டைக்குத் தயாராக நிற்பவரைப் போன்ற நிலைக்கு உடல் வந்துவிடும். பழகாத கண்ணுக்கு, யாரையோ எதிர்த்துப் போராடியவர் என்று தோன்றும். தோல் வெடித்துக் கத்திக் காயம் போலப் பிளந்திருக்கும். மண்டையோட்டில் வெப்பத்தால் விரிசல் விழும். அதன் உட்புறத்தில் இரத்தம் கசிந்து தேங்கி, தலையில் பலமாக அடிபட்டதைப் போலவே காட்டும். இவை அனைத்தும் உயிர் போன பிறகு தீ செய்யும் வேலையாக இருக்கலாம் என்பதால்தான், எரிந்த உடலைப் பார்த்த மாத்திரத்தில் எந்த மருத்துவரும் கொலை என்று வாய் திறக்க மாட்டார். தீ மூண்டபோது ஒருவர் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கு விடை தேட வழி உண்டு. மூச்சுக்குழாயின் உள்ளே புகைக்கரி படிந்திருக்கிறதா, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று பரிசோதனை மேசையில் பார்ப்போம். இரண்டும் இல்லையென்றால் அவர் புகையைச் சுவாசிக்கவில்லை என்று எண்ணலாம். ஆனால் ரயில்கள் மோதிய அந்த நொடியிலேயே இறந்தவரின் உடலிலும் அவை இருக்காது. நீங்கள் பார்த்த கதை இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டது. கதை முழுவதும் அந்தக் குதிப்பின் மேல்தான் நிற்கிறது.

உறவினர்கள் வரிசையில் வந்து முகம் பார்ப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன், ஏனெனில் மற்ற மிகைகளைப் போல அது தீங்கில்லாத மிகை அன்று. காயம், தீ, நீர், நாட்கணக்கில் கிடந்த சிதைவு ஆகியவை முகத்தை மாற்றிவிடுகின்றன. பார்ப்பவரோ துயரத்தின் உச்சத்தில், தேடி வந்தவரைக் கண்டுவிட வேண்டும் என்ற தவிப்போடும் கண்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தோடும் நிற்கிறார். அந்த நிலையில் சொல்லப்படும் ‘ஆம்’ தவறாகிப்போனால் இரண்டு குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன: ஒரு குடும்பம் யாரோ ஒருவரை அடக்கம் செய்துவிடுகிறது, இன்னொரு குடும்பம் இனிக் கிடைக்க வழியில்லாத உடலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண்பதற்கென இன்டர்போல் 1984இல் முதன்முதலில் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய வழிகாட்டி, கைரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றையே முதன்மை அடையாளங்களாகக் கொள்கிறது. உடலுக்குள் பொருத்தப்பட்ட செயற்கை மூட்டு போன்றவற்றில் வரிசை எண் இருந்தால் அதற்கும் மதிப்பு அதிகம். உடை, நகை, பச்சை குத்திய அடையாளம், தழும்பு ஆகியவை துணைச் சான்றுகள். முகம் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி ஓர் உடலை ஒப்படைக்கக் கூடாது என்பதே இந்த முறையின் அடிப்படை.

நடைமுறையில் இரண்டு வண்ணப் படிவங்கள் உண்டு. உடலைப் பரிசோதிப்பவர்கள் இளஞ்சிவப்புப் படிவத்தை நிரப்புகிறார்கள். காணாமல் போனவரின் குடும்பத்தோடு அமர்ந்து பேசுபவர்கள் மஞ்சள் படிவத்தை நிரப்புகிறார்கள்: எந்தப் பல் மருத்துவரிடம் போனார், எப்போதாவது எலும்பு முறிந்ததா, பல் துலக்கும் பிரஷ் வீட்டில் இருக்கிறதா, கடைசியாக என்ன உடை அணிந்திருந்தார் என்று அந்தப் பேச்சு மணிக்கணக்கில் நீளும். பிறகு மூன்றாவது குழு ஒன்று இரண்டு வண்ணங்களையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டு, உடன்பட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் ஓர் எண்ணுக்குப் பெயர் கிடைக்கிறது. எண் என்று சொன்னேன் அல்லவா, இந்த வேலைக்கு அதுதான் முதுகெலும்பு. விபத்து நடந்த இடத்தில் எடுக்கப்படும் ஒவ்வோர் உடலுக்கும், உடல் பகுதிக்கும் தனித்தனி எண் இடப்படும். பக்கத்தில் கிடந்தது என்பதற்காக ஒரு கையை ஓர் உடலோடு சேர்த்து ஒரே பையில் போட்டுவிட முடியாது.

முப்பத்தேழு வயது என்றாராமே, அதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பெயர் தெரியாமல் 115 என்ற பிணவறை எண்ணாகவே பதினாறு ஆண்டுகள் இருந்தார். பரிசோதனை அவரை நடுத்தர வயதினர் என்று மதிப்பிட்டிருந்தது. 2004இல் உண்மை தெரிந்தபோது அவர் எழுபதைக் கடந்தவர் என்று தெரியவந்தது. முன்பு நடந்த அறுவைச் சிகிச்சையில் அவர் தலைக்குள் வைக்கப்பட்டிருந்த உலோகக் கவ்விதான் அவரைக் கண்டுபிடிக்க உதவியது. எலும்பிலிருந்து வயதைச் சொல்லும்போது நாங்கள் ஒரு வரம்பைத்தான் சொல்கிறோம். அந்த வரம்பேகூடத் தவறிப்போகும்.

டி.என்.ஏ. விஷயத்தில் மட்டும் உங்கள் தொடருக்கு ஓரளவு சாதகமாகவே பேச வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரம் அளவில் முடிவு தரும் சிறு கருவிகள் இன்று இருக்கின்றன. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்து 85 பேரைக் கொன்ற காட்டுத்தீயில் அவை பெரிதும் பயன்பட்டன. ஆனால் கருவி தருவது இறந்தவரின் டி.என்.ஏ. விவரக்குறிப்பை மட்டும்தான். அதை ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும், அந்த உறவினர் யாரென்று தெரிய வேண்டும். விமானம் என்றால் பயணிகள் பட்டியல் இருக்கும். முன்பதிவில்லாத ரயில் பெட்டி, சந்தை, கடற்கரை என்றால் யார் அங்கே இருந்தார்கள் என்பதே முதல் கேள்வியாகிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தாய்லாந்தில் நடந்த அடையாளப் பணியில், தொடக்க மாதங்களில் டி.என்.ஏ.வைவிடப் பற்களே அதிகம் பேருக்குப் பெயர் தந்தன. தத்தம் நாடுகளில் பல் சிகிச்சைக் குறிப்புகளும் எக்ஸ்ரே படங்களும் பத்திரமாக இருந்த பயணிகள் பலர் இறந்தவர்களில் இருந்ததே அதற்குக் காரணம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் இறந்த 2753 பேரில் ஏறத்தாழ 1100 பேருக்கு இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் எந்த உடல் பகுதியும் அடையாளம் காணப்படவில்லை. மீட்கப்பட்ட பகுதிகளோ இருபதாயிரத்துக்கும் மேல். வெப்பமும் நீரும் காலமும் சிதைத்த மாதிரிகளைத் தொழில்நுட்பம் வளர வளரத் திரும்பத் திரும்ப எடுத்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். மறுநாள் காலை என்பது அங்கே இல்லை.

சந்தேகப்பிராணி:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. கைரேகையை முதன்மை அடையாளமாகக் கொள்வதை மட்டும் அப்படியே விட மனமில்லை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்த வழக்கில், வெடிப்பிகள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஒருவர் கண்டதை மற்ற நிபுணர்களும் சரி என்றார்கள். ஸ்பெயின் காவல் துறை ஏற்கவில்லை. அவர் ஏறத்தாழ இரண்டு வாரம் காவலில் இருந்த பிறகு, ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் காட்ட, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, டி.என்.ஏ. பகுப்பாய்வு ஒன்றைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும், ஒரு தடயத்தை இன்னாருடையதுதான் என்று உறுதியாகச் சொல்லும் ஆற்றலுடையது என்பது முறையாக நிறுவப்படவில்லை என்றே எழுதியது. தொடர்களில் திரையில் பச்சை நிறத்தில் ‘பொருந்துகிறது’ என்று ஒளிர்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்யாகத் தெரிகிறது.

பிணவறைக் குறிப்பேடு:

ஏற்கிறேன், ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பையில் கிடைத்தது யார் எப்போது தொட்டதென்று தெரியாத, பாதி அழிந்த ஒற்றை ரேகை. அதைக் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே தேடினார்கள், ஒத்ததுபோல் ஒன்று அகப்பட்டுவிட்டது. பிணவறையில் பத்து விரல்களையும் நாங்களே பதிவெடுத்து, காணாமல் போனவர்களின் பட்டியலில் உள்ள சிலரோடு மட்டும் ஒப்பிடுகிறோம். தவறே வராது என்று நான் சொல்லவில்லை. இது வேறு கேள்வி.

சுமைக் கணக்கு:

கட்டுமானப் பொறியியல் படித்தவன் என்பதால் திருகாணி என் பங்கு.

திருகாணியால் நூறு பேர் சாவது நடக்காத செயல் என்று நினைக்காதீர்கள். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாட் ரீஜென்சி விடுதியின் முகப்புக் கூடத்தில், நான்காம் தளத்து நடைபாலமும் அதற்கு நேர் கீழே தொங்கிய இரண்டாம் தளத்து நடைபாலமும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் ஊடுருவிச் சென்று தாங்குவதாக இருந்தது. பணியின்போது அந்தக் கம்பி இரண்டாக மாற்றப்பட்டது. மேல் பாலம் கூரையிலிருந்தும், கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் விட்டத்திலிருந்தும் தொங்கின. ஒரு கயிற்றில் இருவர் தொங்குவதற்குப் பதிலாக, ஒருவரின் காலைப் பிடித்துக்கொண்டு மற்றவர் தொங்கினால் மேலிருப்பவரின் பிடிக்கு என்ன ஆகுமோ அதுவே மேல் விட்டத்தின் அடியில் இருந்த மரைக்கும் ஆயிற்று. அது இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. தவறு காகிதத்தில் இருந்தது. ஒரு செய்தித்தாள் அமர்த்திய பொறியாளர், வரைபடத்தையும் இடிபாட்டையும் ஒப்பிட்டுச் சில நாட்களிலேயே இந்த மாற்றத்தைக் கண்டுகொண்டார். ஆக, விரைவாகக் கண்டுபிடிப்பது தொடர்களின் கற்பனை மட்டும் அன்று. ஆனால் கண்டுகொண்டதை நிறுவுவதற்கு அரசு ஆய்வு நிறுவனம் ஆய்வகத்தில் அதே போன்ற இணைப்புகளைச் செய்து, சுமை ஏற்றி முறித்துப் பார்த்து, அடுத்த ஆண்டில்தான் அறிக்கை வெளியிட்டது. முதல் வடிவமைப்பேகூட விதிகள் கேட்ட சுமையில் அறுபது விழுக்காட்டைத்தான் தாங்கியிருக்கும் என்ற, கதைக்குச் சற்றும் உதவாத உண்மையும் அப்போதுதான் வெளிப்பட்டது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. மாற்றத்தை ஒருவர் கேட்டார், இன்னொருவர் கணக்குப் போடாமல் ஒப்புதல் தந்தார். பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். கதவைத் தட்டும் காட்சிக்கு அங்கே இடமில்லை.

கணினியில் விபத்து பின்னோக்கி ஓடுவதைப் பற்றி. மருத்துவர் சொன்ன அதே கிங்ஸ் கிராஸ் தீயை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில், மசகும் குப்பையும் சேர்ந்த இடத்தில் விழுந்த ஒரு தீக்குச்சியில் தொடங்கிய சிறு தீ, திடீரென்று பயணச்சீட்டுக் கூடத்துக்குள் பீறிட்டது ஏன் என்பது யாருக்கும் விளங்கவில்லை. கணினி மாதிரி ஒன்று, தீப்பிழம்பு மேல்நோக்கி எழாமல் படிக்கட்டின் பள்ளத்துக்குள்ளேயே படுத்து, சரிவில் ஓடியதாகக் காட்டியது. வல்லுநர்களுக்கு முதலில் வந்தது நிம்மதி அன்று. மென்பொருளில் ஏதோ பிழை என்ற ஐயம். பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவில் படிக்கட்டைக் கட்டித் தீ வைத்துப் பார்த்தார்கள். தீ உண்மையாகவே படுத்து ஓடியது. கணினியின் படம் கேள்வியைத்தான் எழுப்பியது. விடையைக் கட்டி எரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொடர்களில் அந்தப் படமே தீர்ப்பாகிவிடுகிறது.

தீ என்றதும் இன்னொன்று. தரையில் ஓரிடம் மட்டும் ஆழமாகக் கருகியிருந்தால் அங்கே பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்கிறது என்றும், கண்ணாடியில் வலைபோல் நுண்விரிசல் இருந்தால் வெப்பம் மிக வேகமாக ஏறியிருக்கிறது என்றும் கதாபாத்திரங்கள் இன்றும் சொல்கிறார்கள். உண்மையான புலனாய்வாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு வீட்டுக்கு, பெட்ரோல் எதுவும் ஊற்றாமல், சோதனைக்காகத் தீ வைத்தபோது ஐந்து நிமிடங்களுக்குள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. பெட்ரோல் ஊற்றியதற்கு அடையாளம் என்று நம்பப்பட்ட அதே கருகல் வடிவங்கள் தரையில் இருந்தன. கண்ணாடி விரிசலோ, சூடான கண்ணாடியில் தீயணைப்பு நீர் படுவதால் வருவது. 1992இல் வெளியான அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 921ஆம் வழிகாட்டி இந்த நம்பிக்கைகளைக் கேள்விக்குள்ளாக்கியது. துறை முப்பது ஆண்டுகளுக்கு முன் கைவிடத் தொடங்கியவற்றைத் திரைக்கதைகள் இன்னும் சுமக்கின்றன. எனக்கு எரிச்சல் தருவது இதுவே, ஏனெனில் இதைச் சரியாகக் காட்டக் கூடுதல் செலவு ஒரு காசும் ஆகாது.

மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து புதிரை அவிழ்ப்பதும் நடந்திருக்கிறது. 1954இல் கோமெட் என்ற ஜெட் பயணிகள் விமானம் ஜனவரியிலும் ஏப்ரலிலும் அடுத்தடுத்து இரண்டு முறை நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தது. எல்பா தீவருகே மீட்கப்பட்ட உடல்களைப் பரிசோதித்த இத்தாலிய மருத்துவர்கள், கிழிந்த நுரையீரல்களையும் மண்டைக் காயங்களையும் கண்டு, விமானத்தினுள் இருந்த காற்றழுத்தம் ஒரே நொடியில் வெளியேறியிருக்க வேண்டும் என்றார்கள். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பொறியாளர்கள் இன்னொரு கோமெட்டின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறத்தலுக்கும் அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்கெனவே பறந்தவற்றோடு சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் அது கிழிவதைக் கண்டார்கள். உலோகச் சோர்வு. உடல்கள் ஒரு நாட்டில், தொட்டி இன்னொரு நாட்டில். மேலங்கி அணிந்த ஒரே ஆள் இரண்டையும் செய்யவில்லை.

கடைசியாக அந்தக் கைது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே என்றும், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் வேலை அல்ல என்றும் தெளிவாகச் சொல்கிறது. குற்ற விசாரணை வேறு அமைப்பால் தனியாக நடக்கும். தண்டனை அச்சம் வந்தால் பேச வேண்டியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதால் இரண்டையும் பிரித்தே வைக்கிறார்கள். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே கடலில் விழுந்து 230 பேரைக் கொன்ற டி.டபிள்யு.ஏ. 800 விமானத்தில் இரண்டும் அருகருகே நடந்தன. குற்றத்துக்குச் சான்றில்லை என்று எஃப்.பி.ஐ. அடுத்த ஆண்டு விலகிக்கொண்டது. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிதறல்களைக் கடலடியிலிருந்து எடுத்து, விமானத்தின் பெரும்பகுதியை ஒரு கொட்டகைக்குள் மீண்டும் கோத்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அறிக்கை தந்தது: நடு எரிபொருள் தொட்டியில் ஆவி வெடித்தது, தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மின்கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘வாய்ப்பு அதிகம்’ என்று முடியும் தொடரை எந்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பும்?

காட்சி எண் நாற்பது:

தொடர்களுக்குத் திரைக்கதை எழுதும் தரப்பிலிருந்து சில சொற்கள். உண்மையில் முப்பது பேர் செய்யும் வேலையை ஒரே கதாபாத்திரம் செய்வதை நாங்கள் அறியாமையால் எழுதுவதில்லை. பார்வையாளர் ஒரு முகத்தைத்தான் பின்தொடர்வார். சோவியத் அணு உலை விபத்தைச் சொல்லும், 2019இல் வந்த ‘செர்னோபில்’ தொடரில் வரும் பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளுக்காக உருவாக்கப்பட்ட ஒற்றைக் கற்பனைப் பாத்திரம். தொடரின் முடிவில் அவர்களே அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். 1987 விசாரணையில் விஞ்ஞானி லெகாசோவ் அணு உலையை விளக்கும் அந்த நீண்ட நீதிமன்றக் காட்சியும் கற்பனைதான். அவர் அந்த விசாரணைக்குப் போகவில்லை. ஆயினும் உலை ஏன் வெடித்தது என்பதை ஒரு மணி நேரத்தில் பொதுமக்களுக்கு விளக்க அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆளை மாற்றினார்கள், காரணத்தை மாற்றவில்லை. நான் கோடு போடும் இடம் அதுதான்.

இத்தகைய தொடர்களால் நீதிமன்றங்கள் கெட்டுப்போகின்றன என்ற குற்றச்சாட்டும் 2000இல் ‘சி.எஸ்.ஐ.’ என்ற அமெரிக்கத் தடயவியல் தொடர் தொடங்கியதிலிருந்தே இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்து நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006இல், ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். அந்தத் தொடரைப் பார்ப்பவர்கள் அறிவியல் சான்றுகளை அதிகம் எதிர்பார்த்தார்கள் என்பது உண்மை. அதற்காக, சான்று இல்லாதபோது விடுவித்துவிடும் போக்கு அவர்களிடம் பொதுவாகக் கூடியிருக்கவில்லை. எங்கள் மேல் ஏற்றப்படும் பழியில் பாதியையாவது இறக்கி வைக்கலாம்.

எங்களுக்கு மன்னிப்பே இல்லாத இடங்களும் உண்டு. பொறியாளர் சொன்ன பெட்ரோல் கருகல் சோம்பேறித்தனம். ஆய்வகத்தில் யாரும் விளக்கைப் போடாமல் வேலை செய்வதும் அப்படித்தான். படப்பிடிப்பில் நானே கேட்டிருக்கிறேன், அழகாக இருக்கிறது என்றார்கள். ஆனால் மருத்துவர் எழுதியதில் என்னை நிறுத்தியது மஞ்சள் படிவம். பல் மருத்துவரின் பெயரைச் சொன்னால் மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு தாய் அஞ்சுவார் அல்லவா? துணியை விலக்கி அலறும் காட்சியை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் இந்தக் காட்சிக்கு ஓர் அறை போதும், எரிந்த ரயில் பெட்டிகூட வேண்டாம். இதை ஏன் இதுவரை எழுதவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னிரவுப் பார்வையாளர்:

அனைவருக்கும் நன்றி. அந்தக் கதையை நேற்று மீண்டும் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த உடல்களில் எதிலும் எண் கட்டப்பட்டிருக்கவில்லை. இப்போது கண் முதலில் அங்கேதான் போகிறது. இன்னும் ஒரே ஓர் ஐயம். கதையின் இறுதியில் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசி வருகிறது, கணவரின் உடல் அடையாளம் காணப்பட்டது என்கிறார்கள், அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார், படம் முடிகிறது. அந்த அழைப்பாவது உண்மையில் இப்படித்தான் இருக்குமா?

பிணவறைக் குறிப்பேடு:

உடல் முழுமையாகக் கிடைத்த விபத்தென்றால், நேரில் சென்று சொல்வதே சரியான முறை என்பதைத் தவிர, கிட்டத்தட்ட அப்படித்தான். உடல்கள் சிதறிய பேரிடர்களில் அந்தச் செய்தி ஒரு முறை மட்டும் வருவதில்லை. ஒருவருடைய சிறு பகுதி முதலில் அடையாளம் காணப்படும், குடும்பம் அடக்கம் செய்துவிடும், பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இன்னொரு பகுதி அவருடையதே என்று தெரியவரும். அதனால் உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்களின் குடும்பங்களிடம், இனிமேல் ஏதாவது அடையாளம் காணப்பட்டால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள் என்றவர்களும் உண்டு, முதல் அழைப்பே போதும், இனி அழைக்காதீர்கள் என்றவர்களும் உண்டு. இரண்டாவது பதிலைத் தந்த குடும்பத்தின் கோப்பில் புதிய முடிவு வந்தால், அது பதிவாகும், தொலைபேசி ஒலிக்காது.